மூட்டு வலியோட கூடவே வர்ற மத்த வியாதிங்க

முடக்குவாதத்த சரவாங்கின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க, டாக்டருங்க ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கறத சுருக்கி சீட்டுல ஆர்.ஏ.ன்னு எழுதுவாங்க. அந்த மாதிரி ஒரு சீட்டு புதுசா எங்க மெடிக்கல் கவுண்டருக்கு வந்தா நான் மாத்திரைய எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பேன், "அம்மா, இது இல்லாம வேற என்னென்ன மாத்திரை போடுறீங்க?" பெரும்பாலும் வர்ற பதில், "வேற ஒண்ணும் இல்ல கண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, தைராய்டுக்கு ஒண்ணு, வலி தாங்கலன்னா ஒரு வலி மாத்திரை, அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதான பத்தி எழுதத்தான் இன்னிக்கு உக்காந்திருக்கேன். இது முடக்குவாதம்னு பேரு வெக்கிற அன்னிக்கே அந்த உடம்புல வேற சிலதும் இருக்கும், இன்னும் சிலது பின்னாடியே வரும், வீட்டுல எல்லாரும் வீங்குன வெரலையே பாத்துட்டு இருப்போம், மத்தது அது பாட்டுக்கு வளரும். முதல் வருஷத்துலயே அதையெல்லாம் தேடிப் பிடிச்சு ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டா வைத்தியம் போற போக்கே மாறும்ங்கறத எங்க சித்தி விஷயத்துல கண்ணால பாத்தேன்.

நான் கோத்தகிரியில மருந்துக்கடையில வேலை பாக்குறேன், டி.ஃபார்ம் படிச்சிருக்கேன், டாக்டர் கிடையாது. அதனால இதப் படிச்சுட்டு யாரும் தானா ஒரு மாத்திரைய நிறுத்தவோ கூட்டவோ வேணாம், இதுல இருக்குறத உங்க டாக்டர்கிட்ட கேள்வியா கொண்டு போங்க, அது போதும்.

சித்திக்கு அம்பது வயசு தாண்டிருச்சு. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து இங்க வந்து தேயிலையில இறங்குன குடும்பம், பாட்டி கொழுந்து எடுத்தாங்க, சித்தியும் வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கொழுந்து எடுத்தவங்கதான். அவங்க வெரலு வேகத்த பாத்தீங்கன்னா தெரியும், ரெண்டு கையும் தனித்தனியா ஓடும், கண்ணு அடுத்த செடிக்கு போயிருக்கும். அந்தக் கை காலையில எழுந்ததும் மடங்கலன்னு சொன்னப்போ எஸ்டேட் தொழிலாளிங்களோட லைன் வீட்டுல யாரும் பெருசா எடுத்துக்கல.

ஏன்னா எங்க மலையில மூட்டு வலின்னா யாருக்கும் பயம் கிடையாது. பனி எறங்கிருச்சு அதான், கவாத்து வெட்டுன கை அதான், வயசாச்சு அதான், இந்த மூணுல ஒண்ணு மேல பழிய போட்டு நீலகிரித் தைலத்த தேச்சுட்டு படுத்துருவாங்க. குளிர்ல வலி அதிகமா தெரியும்ங்கறது நிஜம், ஆனா குளிரு முடக்குவாதத்த உண்டாக்குறது இல்ல, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தடம் மாறி மூட்டுக்குள்ள இருக்குற சவ்வ தாக்குறதுதான் இந்த வியாதி. தேய்மான வலின்னா வேலை செய்யச் செய்ய கூடும், உக்காந்தா கொறையும். இது அப்படியே தலைகீழ், ராத்திரி முழுக்க ஓய்வெடுத்து எழுந்தா கை விறைச்சுப் போயிருக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் விடாது, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, வெரல் ஆரம்பிக்கிற முட்டி வரிசையிலயும் நடு கணுவுலயும் மணிக்கட்டுலயும் வரும். பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகம். ஆரம்பிச்ச முதல் சில மாசத்துக்குள்ள சரியான மருந்து ஆரம்பிச்சா எலும்பு அரிக்காம காப்பாத்த முடியும், தைலத்துல போற ஒவ்வொரு மாசமும் அந்தக் கணக்குல கழியும்.

இங்க ஒண்ணு சொல்லிட்டு போயிடறேன். கூடலூர் பக்கம் பழங்குடி ஊர்ங்கள்ல சின்ன புள்ளைங்களுக்கு கை கால் வலி வீக்கம்னா டாக்டருங்க முதல்ல சிக்கிள் செல் இருக்கான்னு பாப்பாங்க, இந்தியாவுல அந்த ரத்த நோய முதல் முதல்ல கண்டுபிடிச்சதே 1952ல நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். ஒரே வலிக்கு இந்த மலையிலயே எத்தன காரணம் இருக்கு பாருங்க, அதனால வலின்னதும் ஒரே தைலம் ஒரே பொடின்னு போறத பாத்தா எனக்கு மனசு பதறுது.

சித்திய கோயம்புத்தூருக்கு கூட்டிட்டு போனோம், மூட்டு டாக்டருங்க அங்கதான். அந்த டாக்டர் சித்தியோட கைய வாங்கி, கை குலுக்குற மாதிரி அந்த வெரல் முட்டி வரிசைய ரெண்டு பக்கமும் சேத்து மெதுவா ஒரு அழுத்து அழுத்தினார், சித்தி நாற்காலியில இருந்து எழுந்தே போயிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு கணுவையும் ரெண்டு கட்டை விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தார், எலும்பு தடிப்பா இல்ல உள்ள நீர் கோத்த மெத்துன்னு வீக்கமான்னு பாக்குறாராம். மோதிர விரல்ல மோதிரம் இருந்த தடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு, மோதிரத்த எப்போ கழட்டுனீங்கம்மான்னு கேட்டார், இறுக்குச்சு அதனால கழட்டிட்டேன்னு சித்தி சொன்னாங்க, கை விறைப்பும் மோதிரம் இறுக்குனதும் ரெண்டு மூணு மாச கணக்கா வருதேன்னு அவரே மாசத்த எண்ணி எழுதிக்கிட்டார். அதுக்கு அப்புறம் அவர் கேட்டதுல பாதி மூட்டப் பத்தியே இல்ல. பிரஷர் எத்தன வருஷமா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது நெஞ்சு வலி வந்திருக்கா, வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா, வறட்டு இருமல் இருக்கா, மேடு ஏறுனா மூச்சு வாங்குதா, கண்ணு மணல் போட்ட மாதிரி உறுத்துதா, வாய் காயுதா, ஈறுல ரத்தம் வருதா, மாதவிடாய் நின்னு எத்தன வருஷம், ராத்திரி தூக்கம் எப்படி, எதுலயும் மனசு போக மாட்டேங்குதா. வெளிய வந்ததும் சித்தி சொன்னாங்க, "கை வலின்னு வந்தா இவரு நெஞ்சு, மூச்சுன்னு கேக்குறாரே பாப்பா, சரியான டாக்டர்தானா?" சரியான டாக்டர்தான் சித்தி, அந்த மாதிரி கேக்குற டாக்டர் கெடைச்சதே நம்ம நேரம்னு சொன்னேன்.

ரத்தம் பாத்ததுல முடக்குவாதத்துக்கு பாக்குற ஆன்டி சிசிபி, ஆர்.ஏ. ஃபேக்டர் ரெண்டும் பாசிட்டிவ், அழற்சி, அதாவது உள்ள எரியுற வீக்கம் எவ்வளவுன்னு காட்டுற ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் நல்லா ஏறி இருந்துச்சு. கூடவே ஹீமோகுளோபின் கம்மி, தைராய்டு மாத்திரை அளவு பத்தல, பிரஷர் கூடுதல். சுகர் எல்லையில நின்னுச்சு. ஆக மூட்டுக்குன்னு போனவங்களுக்கு அன்னிக்கே வேற நாலு விஷயம் கையில. இது சித்திக்கு மட்டும் நடந்தது இல்ல. 2014ல கொமோரான்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 17 நாட்டுல 3900 பேருக்கு மேல ஆர்.ஏ. உள்ளவங்கள பாத்தாங்க, அதுல மன அழுத்தம் மட்டும் 15 சதவீதம் பேருக்கு, ஆஸ்துமா 6.6 சதவீதம், மாரடைப்பு பக்கவாதம் மாதிரி 6 சதவீதம். அதுல எனக்கு முக்கியமா பட்டது இந்த எண்ணிக்கை கூட இல்ல, பாக்க வேண்டிய பிரஷரையும் கொழுப்பையும் புற்றுநோய் பரிசோதனையையும் தடுப்பூசியையும் நெறைய பேருக்கு ஒழுங்கா யாரும் பாக்கலைங்கறதுதான். வசதியான நாட்டுலயே அப்படின்னா கோயம்புத்தூர் போக மலை எறங்கணும்ங்கற எங்க நெலமைய யோசிங்க.

இப்போ மூச்சு விஷயத்துக்கு வர்றேன், மலையில இருக்குற எல்லாரும் இத கொஞ்சம் நிதானமா படிக்கணும். நாங்க இருக்குறது கிட்டத்தட்ட 6000 அடி ஒசரத்துல, வீட்டுல இருந்து ரோட்டுக்கு போகணும்னாலே ஏத்தம்தான், மூச்சு வாங்குதுன்னு சொன்னா "மேடு ஏறுனா வாங்காம என்ன பண்ணும்"னு பதில் ரெடியா இருக்கும். அந்த ஒரு பதிலுக்கு பின்னாடி மூணு வியாதி ஒளிஞ்சிருக்கலாம்.

முதல்ல ரத்த சோகை. முடக்குவாதத்துல அழற்சி நாள்பட இருந்தா உடம்புல இரும்புச்சத்து இருந்தும் அத பூட்டி வெச்சுக்கும், ரத்தம் உண்டாக்க வெளிய விடாது. வலி மாத்திரையால வயித்துல கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சா அது தனி சோகை. ரெண்டும் சேந்தே இருக்கலாம், இரும்புச்சத்து கையிருப்ப பாக்க ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அழற்சி இருக்கும்போது அது பொய்யா ஏறி நார்மல் மாதிரி காட்டும், அதனால டாக்டர் மத்ததையும் சேத்து வெச்சுதான் முடிவு பண்ணுவார். இங்க நம்ம ஊர் விஷயம் ஒண்ணு, இரும்புச்சத்து மாத்திரைய சாயா கூட போட்டா உள்ள ஏறுறது ரொம்ப கொறஞ்சிடும், தேயிலையில இருக்குற டானின் அத பிடிச்சுக்கும். தேயிலையிலயே பொழைக்கிற எங்க ஜனங்க நாளைக்கு நாலு தடவ சாயா குடிப்பாங்க, மாத்திரைக்கு அப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்கன்னு கவுண்டர்ல சொல்லிச் சொல்லி என் வாய் ஓய மாட்டேங்குது.

ரெண்டாவது நுரையீரல். ஆர்.ஏ. மூட்டோட நிக்காம நுரையீரல் திசுவுலயும் தழும்பு மாதிரி விழ வெக்கலாம், ஐஎல்டின்னு சொல்லுவாங்க, சளி இல்லாத வறட்டு இருமல், ஏத்தத்துல மூச்சு, டாக்டர் முதுகுல ஸ்டெத் வெச்சா கீழ் பக்கம் வெல்க்ரோ பிரிக்கிற மாதிரி சத்தம் கேக்கும். சிகரெட் பீடி பிடிக்கிறவங்களுக்கு இது அதிகம், ஆர்.ஏ. வர்றதுக்கே புகை ஒரு காரணம்னு உறுதியா தெரிஞ்ச விஷயம். விறகு அடுப்புப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது, லைன் வீட்டுல குளிருக்கு கதவ சாத்திட்டு அடுப்ப எரிச்சா அந்தப் புகை எங்க போகும். சித்திக்கு எக்ஸ்ரேவோட நிறுத்தாம சிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார், நல்லவேளை சுத்தமா இருந்துச்சு. முடக்குவாதத்த அடக்குற முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பிச்ச பிறகு திடீர்னு வறட்டு இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் சேந்து வந்தா அது அந்த மருந்தால நுரையீரல்ல வர்ற அழற்சியா இருக்கலாம், அபூர்வம்தான், ஆனா அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே டாக்டர கூப்பிடணும்.

மூணாவது இதயம், இதுதான் உயிருக்கு ஆபத்தானது. அழற்சி மூட்டுல மட்டும் எரியல, ரத்தக் குழாய் சுவர்லயும் எரியுது, அதனால கொழுப்பு படியறது வேகமாகும். ஐரோப்பிய மூட்டு டாக்டருங்க அமைப்பான யூலார் சொல்றது என்னன்னா, மாரடைப்பு வர்ற வாய்ப்ப கணக்கு போடும்போது ஆர்.ஏ. இருந்தா வர்ற விடைய 1.5ஆல பெருக்கணும். அதாவது வயசு பிரஷர் சுகர் எல்லாத்தையும் போட்டு கணக்கு பாத்துட்டு மேல இன்னொரு பாதிய சேக்கணும். இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு, வியாதி கொழுந்து விட்டு எரியுற சமயத்துல கொலஸ்ட்ரால் பாத்தா கொறைவா காட்டும், நல்லாதான் இருக்குன்னு விட்டுருவோம், மருந்து வேலை செஞ்சு அழற்சி அடங்குனதும் கொலஸ்ட்ரால் ஏறும். அதனால வியாதி கொஞ்சம் அடங்குன நேரத்துல பாத்த கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்தான் நம்பலாம். சித்திக்கும் அப்படித்தான் ஆச்சு, முதல்ல எடுத்ததுல ஒண்ணும் இல்ல, மாசக்கணக்கா மருந்து போட்டு வெரல் மடங்க ஆரம்பிச்ச பிறகு எடுத்ததுல ஏறி இருந்துச்சு. மாத்திரையாலதான் ஏறிருச்சுன்னு சித்தப்பா சண்டைக்கே வந்துட்டாரு, அவர உக்கார வெச்சு வெளக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

வலி மாத்திரை பத்தி சொல்லாம இருக்க முடியாது, ஏன்னா அது என் கை வழியா போற சரக்கு. டைக்ளோஃபினாக், எடோரிகாக்ஸிப் மாதிரி மாத்திரைங்க வலிய அடக்கும், முடக்குவாதத்த அடக்காது, எலும்பு அரிக்கிறது உள்ள நடந்துட்டேதான் இருக்கும். பிரஷர ஏத்தும், கால்ல நீர் கோக்கும், கிட்னிய வருத்தும். அதுலயும் டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரையும், நீர் பிரியுற மாத்திரையும், மேல வலி மாத்திரையும் மூணும் ஒண்ணா ஓடுனா கிட்னி நேரா அடி வாங்கும். பிரஷர் கட்டுப்படலன்னு டாக்டர் பிரஷர் மாத்திரைய கூட்டிட்டே போவாரு, வீட்டுல இவங்க தினமும் ரெண்டு வலி மாத்திரை போடுறது அவருக்கு தெரியவே தெரியாது. சீட்டு இல்லாம வலி மாத்திரை கேட்டு வர்றவங்கள திருப்பி அனுப்புறது எனக்கும் கஷ்டம்தான், வலியோட நிக்கிற முகத்த பாத்துட்டு இல்லன்னு சொல்றது சும்மா இல்ல, இருந்தாலும் சொல்றேன்.

இதவிட பயம் சந்தையில விக்கிற பேர் இல்லாத மூட்டுவலிப் பொடி. பதிவு பண்ண சித்த மருத்துவர் பாத்து குடுக்குறத நான் சொல்லல, லேபிள் இல்லாம பொட்டலத்துல மடிச்சு குடுக்குறத சொல்றேன். அந்த மாதிரி பொடிங்கள்ல ஸ்டீராய்டு கலந்து விக்கிறது நடக்குது, போட்ட மூணாம் நாளே ஓடி ஆடுவாங்க, அப்புறம் மூஞ்சி உப்பும், சுகர் எகிறும், எலும்பு மெலியும், திடீர்னு நிறுத்துனா உடம்பு மடங்கிடும். ஏற்கனவே அதுல மாட்டியிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிருங்க, படிப்படியா கொறைச்சுதான் நிறுத்தணும்.

டாக்டர் குடுக்குற ஸ்டீராய்டும் ஸ்டீராய்டுதான், ஆனா அவர் கொஞ்ச நாளுக்கு கொஞ்ச அளவுல, மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு பாலமா குடுப்பாரு. காலையில பிரெட்னிசோலோன் போட்டா சுகர் ஏறுறது மத்தியானத்துக்கு மேலதான், வெறும் வயித்துல பாத்தா நார்மலா காட்டலாம். சித்திக்கு வெறும் வயித்துல சரியா இருந்துச்சு, மத்தியான சோத்துக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கச் சொன்னார், அதுலதான் மாட்டுச்சு. சுகரோட மூணு மாச சராசரி டெஸ்ட்டும் (எச்பிஏ1சி) ரத்த சோகை இருந்தா ஏமாத்தும், இரும்புச்சத்து கொறைவா இருந்தா இருக்குறத விட கூடக் காட்டலாம். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டத்துல லைன் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பாத்து மாத்திரை குடுக்குறாங்க, எங்க மாதிரி எடத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு பஸ்ஸுக்கு நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். வர்ற அக்காகிட்ட "நான் மூட்டுக்கு ஸ்டீராய்டு எடுக்குறேன், சாப்பிட்ட பிறகும் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவங்களுக்கு அது தெரிய வேற வழி இல்ல.

எலும்ப பத்தி. மாதவிடாய் நின்ன பொம்பள, முடக்குவாதம், மூணு மாசத்துக்கு மேல ஸ்டீராய்டு, இந்த மூணும் சேந்தா எலும்பு மெலியறத எதிர்பாத்துத்தான் ஆகணும், எலும்பு அடர்த்திய பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க. ஜூன்ல இருந்து மூட்டமா கெடக்குற ஊர்ல ஸ்வெட்டர், தலைக்கு துண்டுன்னு மூடிட்டு இருந்தா வைட்டமின் டி எங்க இருந்து வரும். சரிவுல சறுக்கி விழுறது எங்களுக்கு புதுசு இல்ல, மெலிஞ்ச எலும்போட விழுந்தா இடுப்பு போயிடும். கால்சியம் மாத்திரை போடுறவங்க தைராய்டு மாத்திரையோட சேத்து போடாதீங்க, தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல, கால்சியமும் இரும்பும் அதுக்கு நாலு மணி நேரம் தள்ளி. சித்திக்கு தைராய்டு அளவு பத்தாம போனதுக்கு இதுவே ஒரு காரணமா இருந்துச்சு, எல்லாத்தையும் ஒரே கையில கொட்டி ஒரே வாயில போட்டுட்டு இருந்தாங்க.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். இத எத்தன தடவ எழுதுனாலும் தகும். தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை படுத்துரும், உயிரே போகலாம். நான் அட்டை மேல மார்க்கர்ல "ஞாயிறு மட்டும்"னு கொட்டையா எழுதித்தான் குடுப்பேன், அதோட கூடக் குடுக்குற ஃபோலிக் ஆசிட் அட்டையில வேற நாள எழுதுவேன். இந்த மருந்து கிட்னி வழியா வெளிய போகுது, அதனால சுகர் பிரஷரால ஏற்கனவே கிட்னி கொறஞ்சவங்களுக்கு சாதாரண அளவே விஷமா சேரும். கல்லீரல்ல கொழுப்பு இருக்கறவங்க, குடிக்கிறவங்க மறைக்காம சொல்லணும். சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்ஸசோல்னு ஒரு மாத்திரை எழுதுவாங்க, மெத்தோட்ரெக்ஸேட்டோட அது சேரவே கூடாது, ரத்த அணுங்க எல்லாம் ஒரேயடியா கீழ போயிடும். ஒரு டாக்டர் எழுதுனது இன்னொருத்தருக்கு தெரியலன்னா நடக்குறது இதுதான். அதேமாதிரி முடக்குவாதத்துக்கு குடுக்குற இன்னொரு மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடுறவங்க ஆரம்பத்துல ஒரு தடவ கண் விழித்திரைய பாத்துட்டு அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும், கிட்னி பிரச்சினை இருந்தா அஞ்சு வருஷம் காத்திருக்காம முன்னாடியே.

மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் பாப்பாங்க, மாத்திரை பத்தாம பயாலஜிக்ஸ்ங்கற பெரிய ஊசிக்கு போறதா இருந்தா டிபி மறைஞ்சு இருக்கான்னும் பாப்பாங்க, நம்ம நாட்டுல அத விடவே முடியாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிய கேட்டுப் போட்டுக்கலாம். வெத்தல புகையிலை போடுற பழக்கம் எஸ்டேட்ல நெறைய, ஈறு வியாதிக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருக்கு, பல் டாக்டரையும் ஒரு தடவ பாத்துருங்க.

மனசு. இத கடைசியில தள்ளக் கூடாதுன்னு நெனச்சேன், ஆனா வீட்டுலயும் இது கடைசியாத்தான் தெரிய வந்துச்சு. சித்தி எங்க லைன்ல எல்லார் வீட்டு விசேஷத்துலயும் முதல் ஆளா நிக்கிறவங்க, வடை மாவு ஆட்டுறதுல இருந்து கோலம் வரைக்கும். வெரல் வீக்கம் கொறஞ்ச பிறகும் அவங்க வெளிய வரல. சோறு இறங்கல, மூணு மணிக்கே முழிப்பு, "நான் யாருக்கு பிரயோஜனம்"னு ஒரு வார்த்த. சோர்வு வேற, முடக்குவாதத்துல வர்ற சோர்வு தூங்குனா போற சோர்வு இல்ல. சோகையால சோர்வு, தைராய்டால சோர்வு, மனச்சோர்வால சோர்வு, எது எங்க முடியுதுன்னே தெரியாம பின்னிக் கெடக்கும். சம்பளம் எடைக்கு எடை, கொழுந்து கொறைஞ்சா காசு கொறையும், அந்தக் கவலை எந்த ரிப்போர்ட்லயும் வராது. மனச்சோர்வு இருந்தா வலி கூடத் தெரியும், மாத்திரை போடப் பிடிக்காது, போடலன்னா வீக்கம் திரும்பும், வீக்கம் திரும்புனா இன்னும் இருட்டு. டாக்டர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு சித்தி அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, ரெண்டாவது தடவ போனப்போ அழுதுட்டாங்க. மனநல டாக்டர்கிட்ட அனுப்பினார், ஒரு மாத்திரையும் பேச்சும், தூக்கம் முதல்ல திரும்புச்சு. மனசுக்கு மாத்திரை எடுக்குறாங்கன்னு லைன்ல பேசுவாங்களேன்னு பயந்தாங்க, பேசத்தான் செஞ்சாங்க, சித்தப்பா எல்லார் முன்னாடியும் "என் சம்சாரத்துக்கு தூக்கம் வருது, உங்களுக்கு என்ன"ன்னு கேட்டுட்டாரு. அந்த மனுசன் மேல எனக்கு இருந்த மரியாதை அன்னிக்கு ரெண்டு மடங்கு ஆச்சு.

இவ்வளவையும் யார் ஞாபகம் வெச்சுக்கறது? கோயம்புத்தூர்ல ஒரு ஃபைல், கோத்தகிரியில தைராய்டுக்கு ஒரு ஃபைல், வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட ஒரு அட்டை, மனநல டாக்டர்கிட்ட ஒண்ணு. அதனால ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டோம். அட்டைக்கு உள் பக்கம் எல்லா வியாதி பேரும், ஒவ்வொண்ணுக்கும் எந்த டாக்டர்னு இருக்கும். அடுத்த பக்கம் மாத்திரை பேர், எத்தன மில்லிகிராம், எப்போ, எதோட சேக்கக் கூடாது. அதுக்கு அப்புறம் மாசத்துக்கு ஒரு பக்கம், மேல பிரஷர், சாப்பிட்ட பின் சுகர், எடை, ஹீமோகுளோபின், கல்லீரல், கிட்னிக்கு கிரியேட்டினின், சிஆர்பி. கீழ சித்தி கையெழுத்துல ரெண்டு வரி, காலையில கை எத்தன நேரம் விறைச்சுது, ராத்திரி தூங்குனேனா இல்லையா. ஆரம்பப் பக்கத்துல எழுத்து கோணல் மாணலா இருக்கும், பேனா பிடிக்க முடியாம பேனா மேல துணி சுத்திப் பிடிச்சு எழுதினது. போகப் போக எழுத்து நேராகுறத அந்த நோட்டுலயே பாக்கலாம், சிஆர்பிய விட எனக்கு அதுதான் ரிப்போர்ட். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அந்த நோட்டத்தான் மேசையில வெக்கிறாங்க, கோட்ரைமாக்ஸசோல் எழுதப் போன ஒரு டாக்டர் நோட்ட பாத்துட்டு வேற மருந்து மாத்தி எழுதினார்.

மாச ரத்த டெஸ்ட்ட இங்கயே எடுத்து ரிப்போர்ட்ட போன்ல அனுப்பிட்டு, டாக்டர் வரச் சொன்னா மட்டும் போறோம். மேட்டுப்பாளையம் எறங்குற வளைவுலயே சித்திக்கு வாந்தி வந்துரும், நாளும் போயிடும், கூலியும் போயிடும், அதனால இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்ட டாக்டருக்கு கோடி நன்றி. அக்டோபர் நவம்பர்ல மழைக்கு மண் சரிஞ்சு ரோடு அடைபடும்ங்கறதால எப்பவும் ஒரு மாச மாத்திரை கையிருப்பு வெச்சுக்கறோம், மலையில இருக்கறவங்க எல்லாரும் அப்படி வெச்சுக்கங்க, முடக்குவாத மருந்து மட்டும் இல்ல, பிரஷர் சுகர் தைராய்டு எல்லாத்துக்கும். 2022ல ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, மூட்டுக்குன்னு வாரம் ஒரு நாள் ஓ.பி. மலை மேலயே எல்லாருக்கும் கெடைக்கணும்ங்கறது என்னோட பெரிய ஆசை. கொழுந்து எடுக்குற கையாலதான் இந்த மலையே ஓடுது, அந்தக் கைக்கு வைத்தியம் மலைக்கு கீழ இருக்குறது ஞாயமா?

சித்தி இப்போ பாதி நாள் நர்சரியில நாத்துக்கு பை நெரப்புற வேலைக்கு போறாங்க, ஈரமும் குளிரும் கொஞ்சம் கம்மி, கைக்கு இழுப்பும் கம்மி. ஸ்டீராய்டு நின்னாச்சு. சுகர் எல்லைக்கு உள்ள வந்திருக்கு, கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை சேந்திருக்கு. டெக்ஸா இன்னும் எடுக்கல, அடுத்த ரிவ்யூவுக்கு போறப்போ எடுக்கணும்னு நோட்டுல சிவப்பு பேனாவுல எழுதி வெச்சிருக்கு, ஃப்ளூ ஊசி மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போடணும்னு அதுக்கு கீழ. பக்கத்து லைன்ல ஒரு அக்காவுக்கு ரெண்டு மாசமா காலையில கை மடங்கலையாம், சித்திதான் அவங்களுக்கு பஸ் டைம் சொல்லி, போறப்போ பிரஷர் சீட்டையும் சுகர் அட்டையையும் சேத்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டு இருந்தாங்க.